போர்ட் இருபத்தைந்தை அடைத்த கதை

இந்த ஞாயிற்றுக்கிழமை சகலை வீட்டுக்குப் போவதில்லை. தலைகீழாக நின்றாலும் போவதில்லை. முடிவெடுத்துவிட்டேன்.

சகலை அஃப்தாப் பள்ளிக்கரணையில் புது வீடு கட்டி விருந்து வைக்கிறார். ஒவ்வொரு குழாயாகத் திறந்து காட்டி, அது எந்த நாட்டுக் குழாய் என்று சொல்வார். எனக்கோ அன்றைக்கு டிவியில் ஃபைனல் மேட்ச்.

என்னிடம் ஆயுதம் இருந்தது. சேலையூரில் எங்கள் வீட்டு ஹாலில் நானே அமைத்த லினக்ஸ் மெயில் சர்வர். என் மனைவி ஹஃபீசா தைக்கும் கல்யாண உடுப்புகளுக்கு ஆர்டரெல்லாம் அதில்தான் வரும். மெயில் நுழைகிற வாசலுக்குப் பெயர் போர்ட் இருபத்தைந்து. சனிக்கிழமை, சர்வரின் வாசல் காவலான ஃபயர்வாலில் ஒரே ஒரு வரி எழுதி அதை அடைத்தேன். மெயில் ஒன்றும் தொலையாது, திரும்பத் திரும்ப வந்து தட்டும். என் மூளையை நினைத்து எனக்கே புல்லரித்தது.

ஞாயிறு காலையில் ஹஃபீசா வந்தாள்.

"ஏங்க, நேத்துலேர்ந்து ஒரு மெயில்கூட வரலை. பினாங்கு கல்யாணப் பொண்ணோட அளவு இன்னைக்கு வரலைன்னா ஆர்டர் கைவிட்டுப் போயிடும்."

"போர்ட்ல கோளாறு. நாள் பூரா உக்காந்தாதான் தீரும்."

"அப்ப விருந்து?"

"நீ போய்ட்டு வா. எனக்கு உன் ஆர்டர்தான் முக்கியம்."

எந்த வாசலில் எது காத்திருக்கிறது என்று சொல்லும் நெட்ஸ்டாட் கட்டளையை அடித்துக் காட்டினேன். "பாரு, உள்ளே சர்வர் காத்துக்கிட்டுதான் இருக்கு. வெளியிலேர்ந்துதான் யாராலயும் வர முடியலை. ஒரே மர்மமா இருக்கு."

"பாவம் நீங்க. குளிச்சிட்டு வந்து தெம்பா பாருங்க."

குளித்தேன். பாட்டுகூடப் பாடினேன். வெளியே வந்தால் ஹாலில் டிங் டிங் என்று மெயில் கொட்டுகிறது. கீபோர்டுக்கு முன்னால் ஹஃபீசா. பெருமையடிக்க இந்த வித்தையை அவளுக்குச் சொல்லிக்கொடுத்த புண்ணியவான் நானேதான்.

"பினாங்கு அளவு வந்துடுச்சு."

"எப்படி?"

"ஃபயர்வால்ல புதுசா ஒரு வரி இருந்துச்சு."

எந்த வரி எழுதினாலும் பக்கத்தில் ஏன், எதுவரை என்று என் பெயரோடு குறிப்பு போடுவது என் ஆபீஸ் பழக்கம். கை தன்னால் போட்டிருக்கிறது. திரையை என் பக்கம் திருப்பினாள்.

'தற்காலிகம். ஞாயிறு மேட்ச் முடிந்ததும் எடுக்கவும். கிபாயத்துல்லா.'

"மேட்ச் முடியற வரைக்கும் எதுக்குன்னு இப்பவே எடுத்துட்டேன்."

சட்டையைத் தேடினேன்.

"மாத்துத் துணியும் எடுத்துக்குங்க. அஃப்தாப் மச்சான் கடை சர்வர்லயும் மெயில் வரலையாம். நீங்க இதுல புலின்னு போன்ல சொன்னேன். சரியாகிற வரைக்கும் அங்கேயே தங்கட்டும்னுட்டாரு."

இரண்டு லுங்கி எடுத்து வைத்தேன்.