இப்ப மதியோட டர்ன்

அன்னிக்கி காலீல பல்லு கூட வெளக்காம செங்குட்டுவன் ஒரு முடிவு எட்த்தான். இனிமே பொண்டாட்டியாண்ட வாயால சண்ட போட்றதில்ல.

ஏன்னா வாய் சண்டைல அவன் ஜெயிச்சதா சரித்திரமே கெடையாது. பேருதான் ராஜா பேரு. சடையங்குப்பத்துல அவனுக்கு சொந்தமா கீற ராஜ்ஜியம் ரெண்டு ரூமு, ஒரு கக்கூஸு, மேல ஒரு மொட்ட மாடி. மழ வந்தா அதுலயும் பாதி ராஜ்ஜியத்த தண்ணி புட்ச்சிக்கும். மீதி பாதில ராஜாவும் ராணியும் செங்கல்லு மேல கட்டில தூக்கி வச்சி குந்திகினு கெடப்பாங்கோ. போன தபா கட்டிலே முழுகிப்போயி, மொட்ட மாடில தார்ப்பாய்க்கு அடில கெடந்தாங்கோ. துன்றதுக்கு ஒரு பிஸ்கோத்து பாக்கெட்டு. அதுவும் நமுத்தது.

இந்த தபா பொண்டாட்டி மதிக்கு வவுத்துல ஆறு மாசம்.

"வவுத்த தூக்கினு மொட்ட மாடி ஏற என்னால ஆவாதுய்யா. மழைக்கி முன்ன காலி பண்ணிரலாம். வியாசர்பாடில எந்தம்பி வூட்டாண்ட ஒரு வூடு காலியா கீது. மூணாவது மாடி. தண்ணியே வந்தாலும் அம்மாம் படி ஏறி வர்றதுக்குள்ள அதுக்கு மூச்சு வாங்கிரும்."

"நீ போ. நான் வர்ல."

"நான் போனா நீ இன்னா பண்ணுவேன்னு எனுக்கு தெரியாதா? தண்ணி உள்ள வர்ற வரைக்கும் டீவி முன்னால குந்திகினு கீவே. அப்பால கட்டிலு மெதக்கும். அது மேல நீ மெதப்பே. புள்ளைக்கு நான் இன்னான்னு சொல்றது? உங்க நைனா கப்பல்ல போய் கீறாருன்னா?"

செங்குட்டுவனுக்கு வூட்ட வுட மன்சு வர்ல. மணலி ஏரியாவுல அவன் வேல பாத்த கம்பெனிய ஆடி மாசம் இழுத்து மூடிட்டானுங்கோ. கேட்டுக்கு பூட்டு, இவனுக்கு டாட்டா. இங்க கீற வரைக்கும் அவன் வேல இல்லாதவன், அம்மாந்தான். மச்சான் வூட்டு வாசல்ல போய் நின்னா வேலயும் இல்லாதவன், வூடும் இல்லாதவன்.

அதனாலதான் சண்டைய வேற எடத்துக்கு மாத்தணும்னு முடிவு எட்த்தான். எந்த எடம்? டீவி.

அவனோட தோஸ்து அப்சல், திருவொத்தியூர் மார்க்கெட்டாண்ட செல்போன் ரிப்பேர் கடை வச்சிகினு கீறவன், வேல போன துக்கத்துக்கு மருந்தா ஒரு பழைய கேம் மிஷினு குட்த்திருந்தான். கூடவே 'நெருப்புக் கோட்ட'ன்னு ஒரு கேமு. கத்தி, கேடயம், மந்திரம், அரக்கன், எல்லாம் கீது. நீதான் வீரன். ஒவ்வொரு அரக்கனா அட்ச்சி சாவட்ச்சிகினே கோட்ட வரைக்கும் போவணும்.

அதுல சண்டன்னா கேரம் போர்டு மாரி. நீ ஒரு அடி அட்ச்சிட்டு நிக்கணும். அவன் ஒரு அடி அட்ச்சிட்டு நிப்பான். பனமர ஒசரம் அரக்கன், கைல கோடாலி, மூக்குல பொக. ஆனா உன் டர்ன்ல அவன் ரேஷன் கடை க்யூவுல நிக்கிறவன் மாரி மருவாதியா நிப்பான். நீ பைய தொறந்து மருந்து குடிக்கலாம். கத்திய மாத்தலாம். எய்ந்து போய் டீ குட்ச்சிட்டு, ஒரு பீடிய இஸ்த்துட்டு வர்லாம். கோடாலிய ஓங்கனவன் ஓங்கனபடியே நிப்பான்.

செங்குட்டுவனுக்கு அது சொர்க்கமா இர்ந்திச்சி. அவனுக்கோசரம் வெளில எதுவும் நின்னதில்ல. கம்பெனி நிக்கல. மழ நிக்கல. அரக்கன் ஒர்த்தன்தான் நின்னான்.

அந்த மன்ச ஒடைக்கறதுக்குன்னே அப்சலு அந்த கேமோட பார்ட் டூவ எட்த்துகினு வந்தான்.

மொதோ பாலத்து மேலயே ஒரு குள்ள அரக்கன். செங்குட்டுவன் வழக்கம் போல ஒரு அடி அட்ச்சிட்டு, பெருந்தன்மையா நின்னான். குள்ளன் ஒரு அடி அட்ச்சான். அப்பால இன்னோர் அடி. அப்பால இன்னோண்ணு.

"டேய் அப்சலு! இன்னாடா இவன் பாட்டுக்கு சாத்தறான்? என் டர்ன் எப்ப வரும்?"

"பார்ட் டூல டர்னே கெடையாது மாமு. அவன் எப்ப அசர்றானோ அப்ப உன் டர்ன்."

"செரி, மருந்த குட்ச்சிக்கிறேன்."

"அதெல்லாம் சண்டைக்கி முன்ன குட்ச்சிக்கணும் மாமு. நடுவுல பைய தொறந்தா..."

வீரனோட தல பாலத்துலருந்து கீழ உருண்டு ஆத்துல வுழுந்திச்சி.

"...அப்டி ஆவும்," அப்டின்னான் அப்சலு.

இன்னும் கீது. பார்ட் ஒன்னுல நாளு பூரா கத்தி வீசலாம். இதுல நாலு வீச்சு வீசனா வீரனுக்கு தம்மு போயிடும். முட்டில கைய வச்சிகினு நிப்பான். கனமான கவசம் போட்டா ஓட முடியாது. கவசம் இல்லன்னா ஒரே அடி. உருண்டு பொரண்டு தப்பிக்கணும். செங்குட்டுவன் எத்தினி தபா செத்தான்னு எண்றதையே வுட்டுட்டான். அந்தாண்ட கொத்தவரங்கா அரிஞ்சிகினு கீற மதிக்கி சிரிப்பு தாங்கல.

"குடுய்யா, நான் ஒரு தபா பாக்கறேன்."

"தா, போ. இதெல்லாம் வீரனுங்க சமாச்சாரம்."

"அந்த வீரன் தலதான் ஆத்துல போய்க்கினு கீதே. குடு."

மதி அடிக்கவே இல்ல. சும்மா நின்னா. குள்ளன் ஓங்கிகினு ஓடியாந்தான். டபக்குன்னு உருண்டு ஒதுங்கனா. அவன் வந்த வேகத்துல பாலத்து கட்டைல போய் மோதனான். முதுவுல ஒண்ணு வுட்டா. முட்ஞ்சிது.

"எங்கமே கத்துகினே இத்த?"

"தண்ணி லாரில. கொடத்த தூக்கினு போவ சொல்லோ இடிக்க வருவாளுங்கோ. அப்ப நவுந்துக்கணும். அவ சேத்துல வுழுவா. நீ கொழாயாண்ட பூந்துக்கணும். லாரில எவ டர்ன் பாத்துகினு நிப்பா?"

அப்சலு எய்ந்து நின்னு கை தட்டனான். செங்குட்டுவனுக்கு அல்லு வுட்ருச்சி. ஆனா அவனும் லேசுப்பட்டவன் இல்ல. மறுநாளு காலீலதான் அந்த முடிவு வந்திச்சி, பல்லு வெளக்காம.

"மதி, ஒரு பெட்டு. இந்த கேமுல ரெண்டு பேரு மோதற கோதா ஒண்ணு கீது. நானும் நீயும் மோதுவோம். நீ ஜெயிச்சா வூட்ட காலி பண்றோம். நான் ஜெயிச்சா, இந்த ஜென்மத்துல காலி பண்ற பேச்ச நீ எடுக்கக் கூடாது."

"செரி. பார்ட் டூவ போடு."

"பார்ட் டூவா? சேச்சே. அது ரௌடிப்பசங்க சண்ட. பார்ட் ஒன்னுதான் நாயமான சண்ட."

"ரூல்சு இன்னா?"

"மிஷின எவன் ஆஃப் பண்றானோ அவன் தோத்தான்." மதிக்கி கோவம் வந்தா பிளக்க புடுங்கற பழக்கம் கீது. அதுக்கு வச்ச ஆப்பு. "அட்த்தவன் டர்ன்ல பட்டன தொடக் கூடாது. கோதால சேவ் பண்ண முடியாது, ஆஃப் ஆனா மொதல்லருந்துதான்."

"நான் புதுசு. எம்மாம் நேரத்துக்குள்ள அடிக்கணும்?"

"அதாமே இதோட அழகே! நேரமே கெடையாது. எம்மாம் நேரம் வேணா யோசிக்கலாம்."

"நெசமாவா?"

"சத்தியமா."

மதி தலைய குன்ஞ்சிகினா. பயந்துட்டா போலன்னு செங்குட்டுவன் பாவப்பட்டான்.

சண்ட ஆரம்பிச்சிது. செங்குட்டுவன் பிரிச்சி மேஞ்சான். நெருப்பு, பனி, இடி, ஒவ்வொண்ணா எறக்கனான். மதியோட ஆளுக்கு உசுரு கோடு கொறஞ்சி கொறஞ்சி, ஒரு நூலு மாரி செவப்பா நின்னிச்சி. இன்னும் ஒரே அடி. இப்ப மதியோட டர்ன்.

மதி ரிமோட்ட கீழ வச்சிட்டு அரிசி களைய போனா.

"இன்னாமே? அடி."

"யோசிக்கிறேன்யா."

"அரிசி களஞ்சிகினா?"

"எனுக்கு கை வேல செஞ்சாதான் மூள வேல செய்யும்."

சோறு ஆச்சு. கொழம்பு ஆச்சு. டீவில ரெண்டு வீரனும் எதுரெதுரா நின்னுகினு கீறானுங்கோ. செங்குட்டுவன் ஆளு கத்திய ஓங்கிகினு, அப்டியே, மருவாதியா.

"இப்ப அடிக்கிறியா இல்லியா?"

"நேரமே கெடையாதுன்னு நீதான சத்தியம் பண்ணே?"

செங்குட்டுவன் ரூல்ச எண்ணி பாத்தான். மிஷின ஆஃப் பண்ணா தோல்வி. அவ டர்ன்ல பட்டன தொட்டாலும் தோல்வி. குந்துனான்.

மறுநாளும் அதேதான். அதுக்கு மறுநாளும் அதேதான். வேலைக்கி ஆளு எடுக்கறாங்கோன்னு அப்சலு ஹார்பருக்கு கூப்ட்டான். போவல. மிஷினாண்டயே துன்னான், அங்கியே தூங்கனான். மதி சும்மா இல்ல. பாத்திரத்த பொட்டில அடுக்கனா. துணிய மூட்ட கட்டனா. பாய சுருட்ட வந்தா, இவன் டீவிலருந்து கண்ண எடுக்காம கால மட்டும் தூக்கி குட்த்தான்.

வானம் கருத்துகினு வந்திச்சி. டீவில நூஸு பாக்க வழி இல்ல, ரெண்டு வீரனுங்க நிக்கிறானுங்கோ. எதுர் வூட்டு சுயம்பு அண்ணன்தான் ஜன்னலாண்ட வந்து சொன்னாரு.

"ஏரிய தொறந்து வுட்டுட்டாங்கப்பா. ராவுக்குள்ள தண்ணி வந்துரும். சாயங்காலமே கரண்ட புடுங்கிருவானுங்கோ. நான் சாமான மேல ஏத்திகினு கீறேன். நீ இன்னா பண்ணப் போற?"

செங்குட்டுவன் காதுல தண்ணின்றது வுழல. கரண்டுன்றதுதான் வுழுந்திச்சி.

"மதி! கரண்டு போனா மிஷினு ஆஃப் ஆயிடும்!"

"அய்யய்யோ," அப்டின்னா மதி, மூட்டைக்கி முடிச்சி போட்டுகினே. "அப்ப மொதல்லருந்து ஆடணும்."

"நான் ஒரே அடில ஜெயிக்கப் போறேன்மே!"

"இன்னாய்யா பண்றது, விதி. மறுக்கா ஆடலாம். பார்ட் டூல."

பாலத்துலருந்து உருண்ட தல அவன் கண்ணு முன்னால வந்திச்சி. வயசு முப்பத்தி நாலு ஆவுது. பொறந்ததுலருந்து அவன் ஜெயிக்கற மாரி ஆனது இந்த ஒண்ணுதான். அத்தயும் கரண்டுகாரன் வந்து புடுங்கிகினு போவப் போறான். செங்குட்டுவனுக்கு நெஜமாவே கண்ணுல தண்ணி கட்டிச்சி.

"எங்கனா கரண்டு போவாத எடம் கீதா மதி?"

மதி கொஞ்ச நேரம் யோசிக்கற மாரி மோட்டுவளைய பாத்தா.

"எந்தம்பி வூட்டாண்ட போவாது. ஆனா அங்க நீ வர மாட்டியே."

"மிஷின மட்டும் கொண்டும்போனா?"

"வழில ஆஃப் ஆயிடுமேய்யா. எந்தம்பி பீம்ராவு மைக் செட்டு வண்டில பேட்டரி கீது. ஆனா அவன் வர்றதுக்கு..."

"கூப்புடு, கூப்புடு!"

கூப்புடவே வேணாம். பீம்ராவு தெரு மொனைல வண்டிய நிறுத்திகினு டீ குட்ச்சிகினு இர்ந்தான். வந்தான். அந்த ஏரியாவுல கரண்டு அடிக்கடி கண்ணட்ச்சிகினே கீறதால, மிஷினுக்கு அப்சலு ஒரு பழைய யூபிஎஸ் பொட்டி மாட்டி வச்சிருந்தான். கரண்டு போனா கொஞ்ச நேரம் தாங்கும், கத்திகினே தாங்கும். அதோட வயர செவுத்துலருந்து புடுங்கனாங்கோ. குய்யி குய்யின்னு கத்த ஆரம்பிச்சிது. மிஷினையும் பொட்டியையும் சேத்து மார்ல அணச்சிகினு, அதுக்குள்ள மழ கொட்டி தெருவுல நின்ன மொழங்கால் தண்ணில செங்குட்டுவன் வண்டிக்கி ஓடனான். பேட்டரில வயர சொருவனதும்தான் கத்தறது நின்னிச்சி. இவனுக்கும் மூச்சு வந்திச்சி.

அப்பதான் பாத்தான். வண்டில ஏற்கனவே கட்டிலு, பீரோ, மூட்ட எல்லாம் ஏறிக்கீது.

"இது எப்ப ஏத்தனீங்கோ?"

"நீ கால தூக்கி குட்த்துகினு இர்ந்தியே, அப்ப," அப்டின்னா மதி, முன்னால ஏறி குந்திகினு.

வண்டி தண்ணிய கிழிச்சிகினு போச்சி. தார்ப்பாய்க்கு அடில செங்குட்டுவன், மடில மிஷினு, அதுல ஒரு பச்ச லைட்டு. பீம்ராவு பின்னால திரும்பி கேட்டான்.

"இன்னா மாமா, வூட்ட வுட்டு வர மாட்டேன்னு சொன்னீங்களாமே?"

"நான் எங்க மச்சான் வந்தேன்? மிஷினுதான் வர்து. நான் காவலுக்கு வர்றேன்."

மூணாவது மாடி. வியாசர்பாடி வந்து சேர்றதுக்குள்ள ராவு ஆயிடிச்சி, கத்தற யூபிஎஸ்ஸோட மிஷின மேல ஏத்தி டீவிய மாட்டனாங்கோ. ரெண்டு வீரனும் அதே எடத்துல, அதே மாரி. செங்குட்டுவன் நிமுந்து குந்துனான்.

"ஆங். இப்பவும் உன் டர்ன்தான். அடி."

மதி கைய பொடவைல தொடச்சிகினு ரிமோட்ட எட்த்தா. கத்தி, மருந்து, மந்திரம், எல்லாத்தையும் தாண்டி கீழ போனா. கடசீல ஒரு பட்டன். அமுக்கனா. அவ வீரன் கத்திய கீழ வச்சிட்டு மண்டி போட்டான்.

"இன்னாமே பண்ணே?"

"சரண்டரு. பார்ட் டூல இந்த பட்டனையே எட்த்துட்டானுங்களாம், அப்சலு அண்ணன் சொன்னாரு. மண்டி போட்டாலும் எவன் நிக்கிறான், வெட்டிட்டு பூட்றானாம். இதுலதான் நாயம் கீது. நான் தோத்துட்டேன்யா."

டீவில கொம்பு ஊதனாங்கோ. செங்குட்டுவன் ஆளு தலைல பூ கொட்டிச்சி. நெசத்துல செங்குட்டுவனும் எய்ந்து நின்னு ரெண்டு கையையும் தூக்கனான்.

"ஜெயிச்சிட்டேன்! அப்ப வூடு?"

"உன் வூடு உனுக்குதான். காலி பண்ற பேச்சே எடுக்க மாட்டேன். சத்தியம்." மதி செல்போன நீட்டனா. "சுயம்பு அண்ணன் மொட்ட மாடிலருந்து அனுப்பி கீறாரு. பாரு."

போட்டால ஜன்னலு இல்ல. கதவு இல்ல. கருப்பா தண்ணி, அதுக்கு மேல ஒரு ஜாண் செவுரு, அதுல பாதி அழிஞ்ச அவன் வூட்டு நம்பரு. செங்குட்டுவன் தூக்கன கைய எறக்க மறந்துட்டான். டீவில கொம்பு இன்னும் ஊதிகினே கீது.

மதி மெதுவா செல்போன வாங்கி வச்சிகினா.

"ஜெயிச்சவரே, கீழ வண்டில சிலிண்டரு நிக்கிது. தூக்கினு வா."