எதுக்கும் இன்னொருத்தரைக் கேட்டுக்கலாம்

எதுக்கும்காரரை உங்களுக்கு நன்றாகத் தெரியும். பெயரைத்தான் இப்போது கேள்விப்படுகிறீர்கள். காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் போவார், டாக்டர் எழுதிய சீட்டு சரிதானா என்று மருந்துக் கடைக்காரரைக் கேட்பார், மருந்துக் கடைக்காரர் சொன்னது சரிதானா என்று வாசலில் நிற்கும் ஆட்டோக்காரரைக் கேட்பார், இதற்குள் காய்ச்சல் சலித்துப்போய்த் தானாக இறங்கிவிட, அதை இறங்கவிட்டது சரிதானா என்று மறுபடியும் டாக்டரிடம் போவார். வாயைத் திறந்தால் முதல் சொல் ‘எதுக்கும்’. எதுக்கும் குடை எடுத்துக்கலாம். எதுக்கும் ரெண்டு நாள் பார்க்கலாம். எதுக்கும் இன்னொருத்தரைக் கேட்டுக்கலாம்.

இவருக்கு முடிவெடுக்கத் தெரியாது என்று நினைத்தீர்களா? தவறு. நாளொன்றுக்கு ஆறு முடிவு எடுப்பார். ஒவ்வொன்றும் கடைசியாகப் பேசியவருடைய முடிவு.

இந்த இனத்தின் பழுதில்லாத மாதிரியைப் பார்க்க வேண்டுமென்றால் திருக்கழுக்குன்றம் பக்கம் போய்க் கோதண்டராமனைப் பார்க்கலாம். நெல் விளைத்த குடும்பம், இவர் காலத்தில் லாரிக்கு மாறியது. ஒரே ஒரு லாரி. செகண்ட் ஹேண்டாக வாங்க வேண்டியது. இவர் ஊரைக் கேட்டு முடிப்பதற்குள் வேறொருவர் வாங்கி, இரண்டு வருடம் ஓட்டி, விற்க வந்துவிட்டதால் தேர்ட் ஹேண்டாக வாங்கினார். அந்த லாரிக்கு நிரந்தரமான வேலை ஒன்றுதான்: சதுரங்கப்பட்டினத்தில் மீன் வியாபாரம் செய்யும் ஜெனிட்டாவின் பெட்டிகளை விடியற்காலையில் ஏற்றிச் செங்கல்பட்டு மார்க்கெட்டில் இறக்குவது.

போன புரட்டாசி மூன்றாம் தேதி அந்த லாரியின் எஞ்சின் ஒரு தரம் இருமி, கரும்புகை விட்டு, நின்றது. புரட்டாசி என்பதுதான் ஒரே ஆறுதல். பாதி ஊர் மீன் தின்னாத மாதம், லோடு குறைவு. ஜெனிட்டா போனில் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

“அண்ணா, இந்த மாசம் குட்டி வண்டிய வெச்சி ஓட்டிக்கிறேன். ஐப்பசி ஒண்ணாந்தேதி மார்க்கெட்ல ஜனம் அடிச்சிக்கும். அன்னிக்கி காலைல உன் வண்டி கரைல நிக்கணும். நிக்கல, வேற வண்டிக்குக் குடுத்துடுவேன். அப்பறம் அவுங்களுக்குத்தான் லோடு.”

லாரியை ஆபிரகாமின் ஷெட்டுக்கு இழுத்து வந்தார்கள். ஆபிரகாம் முப்பது வருடமாக எஞ்சின் இறக்கி ஏற்றுபவர். பிரித்துப் பார்த்தார், கையைத் துடைத்தார், சொன்னார்:

“அண்ணாத்த, எஞ்சின் நல்லா கீது. பிஸ்டனு, ரிங்குதான் பூட்சி. பத்து நாள் குடு. சரி பண்ணிடலாம்.”

நீங்களாகவோ நானாகவோ இருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும். கோதண்டராமன் தலையை ஆட்டினார்.

“கரெக்ட்டுப்பா. எதுக்கும் ஒரு வார்த்த கேட்டுகினு வந்துடறேன்.”

கேட்டார். மறைமலைநகர் கம்பெனியில் வேலை பார்க்கும் மச்சானைக் கேட்டார். மச்சான் அங்கே வைப்பரைப் பெட்டியில் அடுக்கும் பிரிவில் இருக்கிறார், அதனால் எஞ்சின் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். பொத்தேரியில் இன்ஜினியரிங் படிக்கும் அக்கா மகனைக் கேட்டார். அவன் படிப்பது கம்ப்யூட்டர் என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்து, பிறகு பயந்துபோய் “ரிப்பேரே பண்ணுங்க மாமா” என்றான். முடிவெட்டும் கடையில் கேட்டார், பாதி மீசையோடு. ஊரே ரிப்பேர் என்றது. அத்தனை பேரும் ஒன்றையே சொன்னதால் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மாமல்லபுரத்தில் கல்லில் யானை செதுக்கிக்கொண்டிருந்த ஒரு சிற்பியின் முன்னால் போய் நின்றார். சிற்பி உளியை நிறுத்தவில்லை.

“நம்ம தொழில்ல தும்பிக்கை ஒடஞ்சா புதுக் கல்லுதான் சார். ஒட்ட வெக்கிறதில்ல.”

கடைசியாகப் பேசியவர் அல்லவா? அன்று மாலையே எஞ்சின் ஷெட்டை விட்டுப் போயிற்று. செங்கல்பட்டில் பழைய எஞ்சின் வியாபாரம் செய்யும் ஜெகதீசன் அதை இரும்பு விலைக்கு எடுத்துக்கொண்டார்.

“அந்த மனுசன் பத்து நாளுன்னாரு. நீ கேட்டுகினே எட்டு நாள ஓட்டிட்ட” என்றார் கோதண்டராமனின் மனைவி வேண்டா.

“நாலு பேர கேக்கறதுல இன்னா தப்பு?”

“கேக்கறது தப்பில்லய்யா. அவுங்கோ சொல்றத நம்பறியே, அத்த சொல்றேன்.”

ஜெகதீசன் தொழில் தெரிந்தவர். வாங்கிய எஞ்சினைச் சரிசெய்ய நல்ல மெக்கானிக்கிடம்தான் அனுப்புவார். இந்த வட்டாரத்தில் நல்ல மெக்கானிக் யார்? ஆபிரகாம். ஆக, போன எஞ்சின் இரண்டாம் நாளே அதே ஷெட்டுக்குத் திரும்பி வந்தது. ஆபிரகாம் அதை உற்றுப் பார்த்தார். பிஸ்டனும் ரிங்கும் மாற்றினார். பத்தே நாள். மேலே நீலப் பெயின்டும் அடித்து அனுப்பினார்.

மாற்று எஞ்சின் தேடி மூன்று ஊர் சுற்றிய கோதண்டராமன், அந்த நீல எஞ்சின் முன்னால்தான் கடைசியில் போய் நின்றார். ஜெகதீசன் பொய் பேசாதவர். அன்றும் பேசவில்லை.

“இத்த ஓட்டின ஆளு எப்பிடி?”

“தங்கமான மனுசன். அம்பதுக்கு மேல மிதிச்சதே இல்ல. மீன் லோடு மட்டுந்தான்.”

“அப்பறம் இன்னாத்துக்கு வித்தாரு?”

“யாரோ சொன்னாங்களாம், வித்துட்டாரு.”

கோதண்டராமன் உச்சுக் கொட்டினார். “அடப் பாவமே! சொந்த புத்தி இல்லாத ஜென்மம்லாம் லாரி வெச்சிகினு கீது பாரு.”

எஞ்சின் வந்து இறங்கியதும் ஆபிரகாம் மெதுவாக ஆரம்பித்தார். “அண்ணாத்த, இந்த எஞ்சின பத்தி ஒரு விசயம்...”

“நீ மாட்டுப்பா. நான் எல்லாம் விசாரிச்சிட்டேன்.”

மாட்டினார். கோதண்டராமன் காதைக் கொடுத்துக் கேட்டார், கண் கலங்கினார். “பழசு கெழவனாட்டம் இருமும். இது பாரு, பாடுது! எஞ்சின்னா இதாம்பா எஞ்சின்.” மச்சானுக்குப் போன் போட்டு அந்தச் சத்தத்தைக் கேட்கவைத்தார். மச்சானும் வித்தியாசம் தெரிகிறது என்றார்.

எஞ்சின் மாற்றினால் ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் நம்பரையும் மாற்ற வேண்டும். புரட்டாசி முடிய ஒரு நாள் இருக்கும்போது லாரி ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் நின்றது. இன்ஸ்பெக்டர் டார்ச் அடித்து எஞ்சினில் இருந்த நம்பரைப் படித்தார். புத்தகத்தைப் படித்தார். மறுபடியும் டார்ச் அடித்தார். பிறகு கோதண்டராமனைப் படித்தார்.

“எஞ்சின் மாத்திட்டதா எழுதிக் குடுத்திருக்கீங்க.”

“ஆமா சார்.”

“எதுலருந்து எதுக்கு மாத்தினீங்க?”

எல்லா இலக்கமும் அப்படியே இருந்தன. ஒன்றுகூட மாறவில்லை.

நேராக ஷெட்டுக்கு வந்து கோதண்டராமன் கத்தினார். “ஏம்பா, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

“மொத நாளே சொன்னேன் அண்ணாத்த. அப்பறமும் சொல்ல வந்தேன், நீ விசாரிச்சிட்டேன்னுட்ட.” ஆபிரகாம் ஸ்பானரைக் கீழே வைத்தார். “ரிப்பேரா, மாத்தறதான்னு கேட்டுகினே இருந்தியே. ரெண்டும் ஆயிடிச்சி பாரு.”

இதற்குப் பிறகாவது? எதுக்கும்காரரை நீங்கள் இன்னும் புரிந்துகொள்ளவில்லை. ஐப்பசி ஒன்றாம் தேதி, இருட்டுப் பிரியாத வேளையில், அவர் லாரியை வீட்டு வாசலிலேயே விட்டுவிட்டுச் சதுரங்கப்பட்டினம் ரோட்டு டீக்கடையில் இருந்தார். ஒரு தரம் நின்ற எஞ்சினை நம்பிக் கடற்கரை வரைக்கும் போகலாமா என்று டீ ஆற்றுபவரைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஜெனிட்டாவின் போன் வீட்டுக்கு வந்தது. வேண்டா யாரையும் கேட்கவில்லை. ஆபிரகாமைக் கூப்பிட்டுச் சாவியைக் கையில் கொடுத்தார்.

டீக்கடையைத் தாண்டி ஒரு லாரி கிழக்கே போயிற்று. பின்விளக்கு மட்டும்தான் தெரிந்தது. கோதண்டராமன் கிளாஸைப் பிடித்தபடி காதைத் தீட்டினார்.

“யார் வண்டிப்பா அது? எஞ்சின் இன்னா சோக்கா கீது! எதுக்கும் எங்க வாங்கினாருன்னு கேட்டு வை.”

அன்று பெட்டிகள் நேரத்துக்கு ஏறின. லோடு வேறு வண்டிக்குப் போகவில்லை. இப்போது ஜெனிட்டாவின் போனில் ‘லாரி’ என்று போட்டுவைத்திருப்பது வேண்டாவின் நம்பர்.

நீங்கள் இந்த இனத்தில் சேர்த்தியில்லை என்கிறீர்கள். நம்புகிறேன். எதுக்கும் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.