லமியா அட்டை நீட்டினால் கிளம்பியாக வேண்டும்

மட்டாஞ்சேரி, பஜார் ரோடு,
வியாழக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு.

மதிப்பிற்குரிய ஆரிஃபா அக்கா அவர்களுக்கு, உங்கள் ஒரே தம்பி அலாவுதீன் மரியாதையுடன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் ரஃபீனாவும் குழந்தை லமியாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். பாலக்காட்டில் உங்கள் சுகத்தையும் மச்சானுடைய முழங்கால் சுகத்தையும் அறிய ஆவல். போனில் நீங்கள் என்னை பிளாக் செய்து ஒன்பது மாதம் ஆகிவிட்டபடியால் தபால் வழியாக வருகிறேன். தபாலை பிளாக் செய்ய வழியில்லை என்று போஸ்ட் ஆபீஸில் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

பெருநாளன்று உங்கள் வீட்டில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். "கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறா, நாலு வயசாகியும் ஒரு வார்த்தை வரலை, டாக்டர்கிட்ட காட்டுடா தம்பி" என்று நீங்கள் சொன்னீர்கள். நான் பிரியாணித் தட்டைத் தள்ளிவிட்டு, "என் புள்ளைக்கு ஒரு கொறையும் இல்லை, இனி உங்க வாசப்படியை மிதிச்சா நான் அலாவுதீன் இல்லை" என்று சத்தியம் செய்துவிட்டு இறங்கினேன். பஸ் ஸ்டாண்டில் பசி தாங்காமல் நாலு பரோட்டா தின்றேன் என்பதை இப்போதுதான் வெளியில் சொல்கிறேன். அக்கா, எனக்கும் ஒரு வருடமாகத் தெரிந்திருந்தது. ராத்தூக்கம் போய் ரொம்ப நாளாகியிருந்தது. அதை வாய்விட்டுச் சொன்ன முதல் ஆள் நீங்கள், அந்தப் பயம்தான் கோபமாக வந்தது.

அடுத்த மாதமே பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். ஆட்டிசம் என்றார் டாக்டர். நோய் இல்லை, மருந்து கொடுத்து மாற்றுகிற சங்கதியும் இல்லை, அவள் அப்படித்தான், பேச்சுக்கும் பழக்கவழக்கத்துக்கும் தெரபி கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினார். தெரபிஸ்டைத் தேடுவதென்றால் லேசுப்பட்ட காரியமா? களமசேரிப் பக்கம் ஒரு மையத்தில் 'தொண்ணூறு நாளில் பூரண குணம், கேரண்டி' என்று போர்டே வைத்திருந்தார்கள். உள்ளே என்ன செய்வீர்கள் என்று கேட்டால் "பேரண்ட்ஸ் உள்ள வரக்கூடாது, அது எங்க ரூல்" என்கிறார் அந்த ஆள். சாக்கைப் பிரித்துக் காட்டாமல் முதல் தரம் என்று சத்தியம் செய்கிறவனிடம் நான் இருபது வருடமாக மிளகு வாங்குவதில்லை, பெற்ற பிள்ளையை விடுவேனா? திரும்பி ஸ்கூட்டர் ஏறிவிட்டேன். ஆலுவாவில் நல்ல இடம் என்று ஒன்றைச் சொன்னார்கள், அங்கே பெயர் எழுதி வைத்தால் பதினோரு மாதம் கழித்துக் கூப்பிடுவார்களாம். கடைசியில் ஃபோர்ட் கொச்சியில் சுபாஷிணி டீச்சர் கிடைத்தார். நம்ம பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம், ஆனால் தமிழ் எழுதத் தெரியாது. நான் சரக்குப் பார்க்கிற மாதிரியே பார்த்தேன்: எங்கே படித்தீர்கள், உங்கள் வேலையை மேற்பார்வையிட யார் இருக்கிறார்கள், பிள்ளை அழுதால் என்ன செய்வீர்கள். எல்லாவற்றுக்கும் நின்று பதில் சொன்னார். கேரண்டி உண்டா என்று கடைசியாக ஒரு தூண்டில் போட்டேன். "இல்லை சார், உண்டுன்னு யாராவது சொன்னா அங்கே போகாதீங்க" என்றார். அந்த நிமிஷமே மனதுக்குள் விலை பேசி முடித்துவிட்டேன்.

முடித்தேனே தவிர, தெரபி என்றால் என்னவென்று எனக்குப் பிடிபடவில்லை. ஸ்கூட்டரை ஒர்க்ஷாப்பில் விடுவதுபோல் காலையில் விட்டு சாயங்காலம் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்து, விட்டுவிட்டுக் கிளம்பப் பார்த்தேன். டீச்சர் கையைப் பிடிக்காத குறையாக நிறுத்தி, "சார் எங்கே போறீங்க, இருங்க, தரையில உக்காருங்க" என்றார். எண்பத்தெட்டு கிலோ உடம்பை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன், எழுப்பிவிட ரஃபீனா வேண்டியிருந்தது. ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டுக் கொடுத்தார். லமியா கத்தி அழும்போதெல்லாம் அதற்கு முன்னால் என்ன நடந்தது, அவள் என்ன செய்தாள், அதற்குப் பிறகு நாம் என்ன செய்தோம் என்று எழுத வேண்டும். பத்து நாள் எழுதினோம். டீச்சர் படித்துப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். பத்து நாளும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு அவள் தரையில் தலையை முட்டி அழுதிருக்கிறாள், பத்து நாளும் நான் பதறியடித்துக்கொண்டு அவளை ஸ்கூட்டரில் வைத்துப் படகுத்துறை ஜெட்டிக்குப் போய்ப் படகு காட்டியிருக்கிறேன். படகுக்காரன் கயிற்றை வீசிக் கரையில் நட்ட மரக்குற்றியில் மாட்டுகிறானே, அதைப் பார்த்தால் அவளுக்கு உலகமே வேண்டாம். "படகு பார்க்கணும்னு சொல்ல அவகிட்ட வார்த்தை இல்லை சார், தலையை முட்டினா நீங்க வர்றீங்க. ரெண்டு வருஷமா அவதான் உங்களுக்கு தெரபி கொடுத்திருக்கா" என்றார் டீச்சர். ரஃபீனா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை அக்கா. என் பிள்ளை ரெண்டு வருடமாக என்னிடம் ஒன்றைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள், நான் அதைப் பிடிவாதம் என்று நினைத்துவிட்டேன்.

பிறகு பட அட்டை வந்தது. ஒரு சின்ன பைலில் படகு, பழம், தண்ணீர், ஊஞ்சல் என்று படங்கள். எது வேண்டுமோ அதை எடுத்து நம் கையில் கொடுத்தால் அது உடனே கிடைக்க வேண்டும், ஆரம்பத்தில் காத்திரு என்று சொல்லவே கூடாது, கேட்டால் கிடைக்கும் என்பது அவள் மனதில் முதலில் பதிய வேண்டும் என்பது டீச்சரின் உத்தரவு. அவளுக்குப் புரிய மூன்று வாரம் ஆனது. புரிந்த அன்றைக்குப் பதினான்கு தடவை படகு அட்டையைக் கொடுத்தாள், பதினான்கு தடவை ஜெட்டிக்குப் போனேன். டிக்கெட் கொடுக்கிறவர் எனக்கு மூளை பிசகிவிட்டதோ என்று ரஃபீனாவுக்கு போன் செய்துவிட்டார். கடையில் சுக்கு லாரி வந்து நிற்கிறது, இறக்கும் நௌஷாத்தைத்தான் உங்களுக்குத் தெரியுமே, யூனியன் லீடர், கலெக்டர் சொன்னாலும் டீ நேரத்தில் சாக்கைத் தொடாத ஆள். பதினைந்தாவது அட்டையை லமியா அவன் கையில் கொடுத்துவிட்டாள். அவன் முதுகிலிருந்த சாக்கை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். லோடு என்னடா ஆவது என்று கேட்டேன். "லோடு அவிடெ நிக்கட்டே முதலாளி, புள்ள கார்டு தந்துச்சு, உடனே போணும்னு டீச்சரு பறஞ்சிருக்குல்லே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். ஒன்றரை மணி நேரம் லாரிக்காரனுக்கு நான் சாயா வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அத்தோடு விட்டதா? கேட்காமலேயே எல்லாரும் அள்ளிக் கொடுத்தால் அவள் ஏன் கேட்கப் போகிறாள் என்று டீச்சர் சொன்னதை நான் அப்படியே பிடித்துக்கொண்டு, 'லமியாவுக்கு யாரும் எதுவும் கொடுக்கக்கூடாது, இப்படிக்கு அலாவுதீன்' என்று மலையாளத்தில் அச்சடித்து பஜார் முழுக்க ஒட்டிவிட்டேன். நம் ஜனங்களிடம் ஒரு பிள்ளைக்கு மிட்டாய் கொடுக்காதே என்று சொல்வது அவர்கள் கையை வெட்டுவதற்குச் சமம் இல்லையா? சாயங்காலமே ஜமாஅத்திலிருந்து மூன்று பேர் வந்து, பிள்ளைக்குச் சர்க்கரை நோயா, எங்கள் மேல் ஏதும் வருத்தமா என்று விசாரித்தார்கள். டீச்சரே கடைக்கு வந்து நோட்டீஸைக் கிழித்துப் போட்டுவிட்டு, கொடுக்கலாம், அவள் அட்டையை நீட்டும்வரை பொறுத்துக் கொடுக்க வேண்டும் என்று கடை கடையாகச் சொல்லிக் காட்டினார். இப்போது பஜாரில் அத்தனை கடைக்காரர்களும் கையில் கடலை மிட்டாயை வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்து நிற்கிறார்கள். கையை உதறிக்கொண்டு குதிக்கிறாளே, அது அவளுடைய சந்தோஷம், அதை நிறுத்தச் சொல்லாதீர்கள் என்றும் டீச்சர் சொல்லிவிட்டார். யாரும் சொல்வதில்லை. தலையை முட்டுவது நின்று இரண்டு மாதம் ஆகிறது. வார்த்தை இன்னும் வரவில்லை, வரலாம், வராமலும் போகலாம். ஆனால் என் மகள் என்னிடம் கேட்கிறாள் அக்கா, எனக்குப் புரிகிறது.

இதற்கெல்லாம் முதல் வார்த்தை சொன்னது நீங்கள். அன்றைக்கு நீங்கள் வாயைத் திறக்காமல் பிரியாணி மட்டும் வைத்திருந்தால் அவள் தலையை முட்ட முட்ட நான் இன்னும் படகு காட்டிக்கொண்டே இருந்திருப்பேன். உங்கள் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்கிறேன். இந்த ஆயுளில் நான் பட்ட கடன்களில் இது பெரியது. ஆனால் சத்தியம் செய்த மனிதன், உங்கள் வாசற்படிக்கு நான் வருவதற்கில்லை, அது ஆம்பிளைப் பேச்சு. ஆகையால் மூத்தவராகிய நீங்கள்தான் பெரிய மனது பண்ணி மட்டாஞ்சேரிக்கு வர வேண்டும். வந்ததும் அவளை வாரி எடுத்து முத்தம் கொடுக்கக் கூடாது. அல்வாவை நேராக வாயில் ஊட்டக் கூடாது. இது டீச்சர் ரூல், என் மேல் வருத்தம் வேண்டாம்.

மச்சானுக்கு என் ஸலாம். அல்லாஹ் உங்கள் வீட்டில் பரக்கத்தையும், மச்சான் முழங்காலில் பலத்தையும், உங்கள் மனதில் என் மேல் கொஞ்சம் இரக்கத்தையும் தருவானாக.

உங்கள் தம்பி,
அலாவுதீன்

பின்குறிப்பு: மேலே சத்தியத்தைப் பற்றி எழுதியதை எல்லாம் அடித்துவிடவும். கவரை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது லமியா பைலைத் தூக்கிக்கொண்டு வந்து ஒரு அட்டையை என் கையில் வைத்தாள். படகு இல்லை, பழம் இல்லை. உங்கள் போட்டோ, பெருநாள் சேலையில், கையில் கரண்டியோடு. ரஃபீனா இரண்டு மாதத்துக்கு முன்பே எனக்குத் தெரியாமல் அதைப் பைலில் வைத்திருக்கிறாள், பிள்ளை இன்றுவரை தொட்டதில்லை. சத்தியம் இருக்கிறதே, ஏதாவது விலக்கு உண்டா என்று டீச்சருக்கு போன் செய்தேன். "அட்டையில இருக்கிற ஆள் பாலக்காட்டுல இருந்தா பாலக்காட்டுக்குப் போகணும் சார், இன்னைக்கே" என்று வைத்துவிட்டார். இதை ரயிலில் மடியில் வைத்து எழுதுகிறேன், வண்டி ஆலுவாவில் நிற்கிறது, லமியா ஜன்னலோரம் கையை உதறிக்கொண்டு குதிக்கிறாள். கடிதத்தைக் கையோடு கொண்டுவருகிறேன், பிறகு படித்துக்கொள்ளலாம், இதை மட்டும் கதவைத் தட்டும்போதே வெளியிலிருந்து சொல்லிவிடுவேன். கதவைத் திறந்ததும் என்னைப் பார்க்க வேண்டாம் அக்கா, கீழே அவள் கையைப் பாருங்கள். உங்கள் போட்டோவை உங்களிடமே நீட்டுவாள், உடனே வாங்கிக்கொள்ளுங்கள்.