கொண்டை ஊசி வளைவில் ஒரு பெற்றோர் கூட்டம்

அதிகம் பேசாதவர்களைப் பொறுப்பானவர்கள் என்று எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். எதிர்த்து ஒரு வார்த்தை சொல்வதில்லை, அதனால் சொன்ன காரியத்தை ஒழுங்காகச் செய்துவிடுவார்கள் என்று நினைப்பு. அப்படி என்னை நம்பி மோசம் போனவர்கள் இரண்டு பஸ் நிறைய இருக்கிறார்கள்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறித்தேன். யார் என்ன கேட்டாலும் தலையை ஆட்டிவிடுவேன். (கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்டபோதும் அதைத்தான் செய்தேன். நல்லவேளை, அன்றைக்கு எனக்குச் சம்மதமாகவே இருந்தது.)

என் மகள் செல்வி அப்போது எட்டாம் வகுப்பு. எட்டு போதும், முழுப்பரீட்சை முடிந்ததும் கூடையை மாட்டிக்கொண்டு வரட்டும் என்றார் வீட்டுக்காரர். செல்வி சாப்பிடாமல் அழுது பார்த்தாள். கடைசியில் அவர் கொஞ்சம் இறங்கி வந்தார். "அவ டீச்சர் எங்கிட்ட நேர்ல பேசட்டும். நாயமாப் பட்டா யோசிக்கலாம்" என்றார். திறந்திருந்த கதவு அது ஒன்றுதான்.

ஆனால் டீச்சரும் அவரும் எப்போது சந்திப்பது? பள்ளிக்கூடம் கீழே டவுனில். டீச்சர்கள் எல்லாரும் வெளியூர். சாயங்கால பஸ்ஸை விட்டால் ஊர் போய்ச் சேர முடியாது. எங்களுக்கோ கொழுந்தை எடை போட்டு முடிப்பதற்குள் அந்த பஸ் போயே போய்விடும். சனிக்கிழமை அவர்களுக்கு லீவு, எங்களுக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் லீவு, ஆனால் டீச்சர்கள் சர்ச்சில் இருப்பார்கள், நாங்கள் சந்தையில் இருப்போம். முன்பு ஒருமுறை வைத்த பெற்றோர் கூட்டத்துக்கு எஸ்டேட்டிலிருந்து ஒருவர்கூடப் போகவில்லை. டீச்சர்கள் காலி பெஞ்சுகளைப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்களாம்.

செல்விக்குக் காய்ச்சல் என்று கூட்டிவரப் போன ஒரு நாள், அவளுடைய கிரேஸ் டீச்சரிடம் நான் மாட்டிக்கொண்டேன். வருகிற புதன்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குப் பள்ளிக்கூடத்தில் கூட்டம், எஸ்டேட் ஆட்கள் எல்லோரிடமும் சொல்லிக் கூட்டிவருவது உங்கள் பொறுப்பு என்றார். தலையை ஆட்டினேன்.

மேலே வந்து, எங்களை வேலை வாங்குகிற மேஸ்திரியிடம் செல்வியை விட்டுக் கேட்கவைத்தேன். (நான் பக்கத்தில் நின்றேன். அதுவே எனக்குப் பெரிய காரியம்.) மலை முழுக்கக் கொழுந்து முட்டிக்கொண்டு நிற்கிறது, யாரையும் கீழே அனுப்ப முடியாது, வேண்டுமானால் டீச்சர்கள் அதே புதன்கிழமை எடை போடும் இடத்துக்கு வரட்டும், அரை மணி நேரம் விடுகிறேன் என்றார் அவர். அதற்கும் ஆட்டினேன். செல்வி போய்ச் சொல்ல, பாவம், டீச்சர்கள் ஒப்புக்கொண்டார்கள். இரண்டு மணி பஸ்ஸில் மேலே வருவதாகச் சொல்லி, அன்றைக்கு எட்டாம் வகுப்புக்கு லீவும் விட்டுவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டு ராணி ஓடிவந்தாள். மேஸ்திரி மேல் கோபப்பட்டு, பெண்கள் எல்லோரும் எஸ்டேட் மேனேஜர் துரையிடமே போய், ஆம்பிளைகளுக்கும் சேர்த்து அரை நாள் லீவு வாங்கிவிட்டார்களாம். "டீச்சருங்க எதுக்கக்கா மலையேறோணும்? நாமளே கீழ வர்றோம்னு சொல்லி உட்டுருங்க" என்றாள். அதற்கும் ஆட்டினேன்.

செய்தி சொல்ல இருந்த ஒரே வழி, புதன்கிழமை காலை முதல் பஸ் கண்டக்டர். விடிந்ததும் ஸ்டாப்பில் போய் நின்றேன். பஸ் வந்தது. படியெல்லாம் ஆம்பிளைகள் தொங்கிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேருக்கு முன்னால் எப்படி வாயைத் திறப்பது? கண்டக்டரே, "ஏனுங்க, ஏறுறீங்களா?" என்று கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினேன். பஸ் போய்விட்டது. பரவாயில்லை, அவர்கள் கிளம்புவதற்குள் நாம் போய்ச் சேர்ந்துவிடுவோம் என்று எனக்கு நானே ஒருமுறை ஆட்டிக்கொண்டேன்.

போய்ச் சேர்ந்தும் இருப்போம். ஆனால் எங்கள் ஆட்கள் துரை கல்யாணத்துக்குப் போகிறவர்கள் மாதிரி உடுத்திக்கொண்டு வர, மத்தியான பஸ் டிரைவர் அவர்களுக்காகக் காத்திருந்தார். பாதி மலை இறங்கியதும் ஒரு கொண்டை ஊசி வளைவில் எதிரே ஒரு பஸ். ஏறி வருகிற வண்டிக்குத்தான் வழி விடவேண்டும். ஆனால் எங்களுக்குப் பின்னால் ஒரு கொழுந்து லாரி, அதற்குப் பின்னால் விறகு ஏற்றிய டிராக்டர். இரண்டு பஸ்ஸும் மூக்கோடு மூக்கு வைத்து நின்றன.

எதிர் பஸ் ஜன்னலில் கிரேஸ் டீச்சர் இருந்தார். பக்கத்தில் கணக்கு சார். நான் சால்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டேன்.

"எல்லாரும் எங்கீங்க கிளம்பிட்டீங்க?" என்றார் டீச்சர்.

"உங்களப் பாக்கத்தானுங்க" என்றாள் ராணி. "நீங்க எங்க போறீங்க?"

"உங்களப் பாக்கத்தான்."

 இரண்டு பஸ்ஸும் சேர்ந்து என் பக்கம் திரும்பின. என் கல்யாணத்தன்றுகூட அத்தனை பேர் என்னைப் பார்த்ததில்லை.

டிராக்டர் பின்னால் போய், லாரி பின்னால் போய், அப்புறம்தான் பஸ் நகர முடியும். அதுவரை சும்மா இருப்பானேன் என்று டீச்சர்கள் இறங்கினார்கள். எங்கள் ஆட்களும் இறங்கினார்கள். ரோட்டோரத் தடுப்புச் சுவரில் கூட்டம் நடந்தது. இன்ஜின் சத்தத்தை மீறிக் கேட்கவேண்டுமே என்று கணக்கு சார் மார்க்குகளைக் கத்திச் சொன்னார். ராணி மகன் கணக்கில் வாங்கிய மார்க்கைக் கேட்டு, சம்பந்தமே இல்லாமல் மஞ்சூருக்குப் போகிற ஒரு பெரியவர் அவளுக்கு ஆறுதல் சொன்னார்.

எங்கள் முறை வந்தது. செல்வியைப் பத்து வரையாவது விடுங்கள் என்றார் டீச்சர்.

"பத்து படிச்சுட்டும் கொழுந்துதானுங்க பறிக்கோணும்?" என்றார் என் வீட்டுக்காரர்.

"பறிச்சாலும், தராசுல என்ன நிக்குதுன்னு யாரையும் கேக்காம அவளே பாத்துக்குவாளுங்க."

இவர் தாடையைச் சொறிந்தார். அதற்குள் வழி கிடைத்துவிட்டது. டிரைவர்கள் ஹார்ன் அடிக்க ஆரம்பித்தார்கள். அந்த அவசரத்தில், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, இவர் என்னைப் பார்த்து அபிப்பிராயம் கேட்டார்.

"நீ என்ன சொல்ற? எட்டோட நிறுத்திக்கலாமா?"

என் தலை ஆடிவிட்டது. நான் ஆட்டவில்லை, அதுவாக ஆடியது.

"பாத்துக்கங்க டீச்சர், பெத்தவளே சொல்லீட்டா" என்றார் இவர்.

பஸ் படியில் நின்ற செல்வியின் முகத்தைப் பார்த்தேன்.

"இல்லீங்க, அவ படிக்கட்டும்."

அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். சரிவில் நாலு வரிசை தள்ளிப் பறிக்கிறவளைக் கூப்பிடுகிற குரலில் வந்துவிட்டது. ஹார்ன்கள் நின்றன. எதிர்மலை ஒருமுறை "படிக்கட்டும்" என்று திருப்பிச் சொன்னது. இவர் மலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சரி, படிக்கட்டும். அதுக்கு ஏன் இந்தக் கத்துக் கத்தற?" என்றார்.

செல்வி இப்போது குன்னூரில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்க்கிறாள். பெற்றோர் கூட்டத்துக்கு நாள் குறிப்பதும் அவள் வேலைதான். யாராவது தலையை ஆட்டினால் ஒப்புக்கொள்வதில்லையாம். எங்கே, எப்போது என்று வாயால் சொன்னால்தான் விடுவாளாம். அந்த ஜாக்கிரதை யாரால் வந்தது என்று அங்கே யாருக்கும் தெரியாது. வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

போன பொங்கலுக்கு மருமகன், "இன்னும் கொஞ்சம் சாதம் வெக்கட்டுங்களா அத்தை?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். கரண்டி பாதியில் நின்றது.

"நல்லாக் கேட்டுக்கங்க மாப்ள" என்றார் இவர். "இது மேல போற பஸ்ஸா, கீழ வர்ற பஸ்ஸா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. இலையைக் கையால் மூடிக்கொண்டு, இன்னொரு முறை தலையை ஆட்டினேன்.