மவுஸுக்குக் கண் போன கதை

நவீனம் கருதியும், பொதுமக்கள் நலன் கருதியும், மேலாளரின் மைத்துனர் கண்ணாடிக் கடை வைத்திருப்பது கருதியும், பிறப்புப் பதிவு அலுவலக மேசைகளுக்கெல்லாம் கண்ணாடி போடப்பட்டது. "இன்றுமுதல் இது காகிதமில்லா அலுவலகம், மேசைமேல் துண்டுத் தாளும் காணப்படலாகாது" என்று சுற்றறிக்கை வந்தது. ஆளுக்கு மூன்று பிரதி.

மேசையோடு மவுஸும் மாறியது. பழையதன் வயிற்றில் உருண்டை இருந்தது. புதியதன் வயிற்றில் சிவப்பு விளக்கு.

எழுத்தர் பெரியக்காவுக்கு அன்று விடுப்பு வேண்டும். மகளுக்குத் தலைப்பிரசவம், ஆஸ்பத்திரியில் துணைக்கு வேறு ஆளில்லை. கம்ப்யூட்டர் வழியாகத்தான் கேட்க வேண்டும், அதுவும் மாலைக்குள். மவுஸை நகர்த்தினாள். திரையில் அம்பு அசையவில்லை.

மெக்கானிக் வந்து மவுஸைக் கவிழ்த்துப் பார்த்தார்.

"இது மேல கோளாறு இல்லக்கா. கீழே இருக்கறதை விடாம படம் பிடிச்சு, எந்தப் பக்கம் நகருதுன்னு பாத்துத்தான் அம்பை ஓட்டும். வெறுங் கண்ணாடியில எதைப் பாக்கும்?"

"அடியில மரம் தெரியுதே, தம்பி?"

"நமக்குத் தெரியுது. அதுக்குக் கிட்டப்பார்வை. ஒரு தாளை விரிச்சா ஓடும்."

"தாளா! மெதுவாப் பேசுப்பா."

கண்ணாடிக்கு மவுசு வந்தது, மவுஸுக்குக் கண் போனது என்று முனகிக்கொண்டே பெரியக்கா மேலாளரிடம் போனாள். அவர் தன் வயரில்லா மவுஸுக்கு அன்றைய மூன்றாவது பாட்டரியை மாட்டிக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு தாள் வேணும்."

"இங்கேயா? என்னம்மா இது!"

"எழுத இல்ல சார். மவுஸ் ஓட."

மேலாளர் ஆழ்ந்து யோசித்தார். "எழுதினா அது தாள். மிதிபட்டா அது விரிப்பு. விரிப்புக்குத் தடை இல்ல. விண்ணப்பம் போடுங்க."

"எதுல சார்?"

"கம்ப்யூட்டர்லதான்."

"மவுஸ் ஓடலையே சார்!"

"அதையும் அதுலேயே குறிப்பிட்டுடுங்க."

கழித்துப்போட்ட பொருள்களின் குவியலிலிருந்து மெக்கானிக் ஒரு உருண்டை மவுஸைத் தேடி எடுத்தார். உள்ளே ஒட்டியிருந்த அழுக்கை நகத்தால் சுரண்டினார். "இதுக்குக் கண்ணே கிடையாதுக்கா. தடவிக்கிட்டே போயிடும்." போயிற்று. விடுப்பு விண்ணப்பம் சேர்ந்தது. உடனே திரை பதில் சொன்னது: 'அச்செடுத்து, ஒப்பமிட்டு, மூன்று பிரதிகள் நேரில் தரவும்.'

அச்செடுத்து முடிந்ததும், கழித்த பொருளைப் பயன்படுத்தியது குற்றம் என்று உருண்டை மவுஸ் பறிக்கப்பட்டது. பெரியக்கா மூன்று தாள்களையும் மேலாளர் முன் வைத்தாள். அவர் கை தவறி மவுஸ் அவற்றின்மேல் உட்கார்ந்தது. அம்பு துள்ளியது.

"ஓடுதே!" என்று அவர் எழுந்தே விட்டார். மற்ற இரண்டு பிரதிகள் கணக்குப் பிரிவுக்கும் தபால் பிரிவுக்கும் பறந்தன.

"சார், கையெழுத்து?"

"அதுக்குத் தாளை எடுக்கணும். எடுத்தா அம்பு நின்னுடும். உங்க சொந்த வேலைக்காக அலுவலக வேலை நிக்கலாமா, சொல்லுங்க?"

பேத்தி பாட்டி இல்லாமலே பிறந்தாள்.

அதன்பின் வந்த விண்ணப்பங்களுக்கெல்லாம் மேசையில் இடம் கிடைத்தது. 'எந்த விண்ணப்பமும் முடங்கிக் கிடக்கவில்லை. அனைத்தும் அன்றாடப் பயன்பாட்டில் உள்ளன' என்று மேலிடத்துக்கு அறிக்கை போனது. மேலிடம் பாராட்டியது.

ஒருநாள் மருமகன் வந்தான், குழந்தையின் பிறப்பைப் பதிய. பெரியக்கா விண்ணப்பத்தை வாங்கி, பெயர் எழுதியிருந்த இடத்தை விரலால் வருடினாள். கண் கலங்கியது. நல்ல தடித்த தாள். கை தன்பாட்டுக்கு அதை மவுஸுக்கு அடியில் தள்ளியது. அம்பு அழகாக ஓடியது.

"நாளைக்கு வாங்க, மாப்பிள்ளை" என்றாள்.