பாட்டில் வடிவ ஆவணங்கள்

ஓர் அரசு அலுவலகத்தில் ஏசி பொருத்திய அறைகள் இரண்டுதான் இருக்க முடியும். ஒன்று இயக்குநருடையது, மற்றது ஆவணங்களுடையது. மனிதனுக்கு வியர்த்தால் துடைத்துக்கொள்வான், காகிதம் துடைத்துக்கொள்ளாது என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். அந்த இரண்டாவது அறைக்கு நான் கண்காணிப்பாளர். கண்காணிக்க எனக்குக் கீழே ஆள் யாரும் இல்லாததால் ஆவணங்களையே கண்காணித்து வந்தேன்.

என் மனைவி, ரயிலில் பதினொரு மணி நேரம் போக வேண்டிய ஓர் ஊரில் கணக்கு டீச்சர். அங்கே எங்கள் துறைக்கு ஒரு கிளை உண்டு. என்னை அங்கே மாற்றச் சொல்லி ஆறு வருடமாக விண்ணப்பித்து வருகிறேன். மாதம் இரண்டு ஞாயிறு போய்வருவேன். ஒரு தடவை நான் செருப்பைக் கழற்றும்போதே என் ஏழு வயது மகள், "அப்பா, நீங்க எப்ப ஊருக்குப் போறீங்க?" என்று கேட்டாள். விருந்தாளியைக் கேட்பதுபோல மரியாதையாகத்தான் கேட்டாள்.

இப்படி இருக்கையில் இயக்குநர் இரண்டு வாரப் பயிற்சிக்காக வெளிநாடு போனார். கோப்புகளை விரைந்து முடிப்பது எப்படி என்பது பயிற்சி. திரும்பி வந்தபோது அது அவருக்கு நினைவில் இல்லை, ஒயின்தான் நினைவில் இருந்தது. குடிக்கிறவன் குடிகாரன், சேகரிக்கிறவன் ரசிகன் என்று ஊழியர் கூட்டத்தில் விளக்கினார். எல்லோரும் குறிப்பெடுத்துக்கொண்டோம்.

ஒரு மாதத்துக்குள் அலுவலகமே ரசிகர் கூட்டமாகிவிட்டது. கணக்கு அதிகாரி குடிதண்ணீரைக்கூட டம்ளரில் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு முகர்ந்து, கண்ணை மூடிக்கொண்டுதான் குடித்தார். ஒருநாள் டீயிலே ஈர மண் வாசனையும் பழைய தோல் வாசனையும் வருகிறது என்று அவர் பாராட்டப்போக, டீக்காரர் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் வரவில்லை.

இயக்குநரிடம் முப்பத்தாறு பாட்டில்கள் சேர்ந்தன. அவற்றைக் குளிர்ந்த, இருட்டான இடத்தில் வைக்க வேண்டுமாம். வீட்டில் வைக்க அவர் மனைவி சம்மதிக்கவில்லை. ஆவண அறையில் ஆவணம் தவிர வேறெதையும் வைக்க விதி சம்மதிக்கவில்லை. மனைவியை மாற்றுவதைவிட விதியைப் புரிந்துகொள்வது எளிது என்பதால் என்னைக் கூப்பிட்டு ஒரு பாட்டிலைக் கையில் கொடுத்தார்.

"இதுல எழுத்து இருக்கா?"

"இருக்கு சார்."

"வருஷம்?"

"இருக்கு சார்."

"யார் தயாரிச்சதுன்னு போட்டிருக்கா?"

"போட்டிருக்கு சார்."

"அப்ப இது ஆவணம்தானே?"

எங்கள் கோப்புகளில் பாதிக்கு இந்த மூன்றில் ஒன்றுகூடக் கிடையாது. ஆகவே பதிவேட்டில் 'பாட்டில் வடிவ ஆவணங்கள், எண்ணிக்கை முப்பத்தாறு' என்று ஏற்றினேன். படுக்கவைக்க வேண்டும், அசைக்கக் கூடாது, திறக்கவே கூடாது என்று அவர் சொன்னார். எல்லா ஆவணங்களையும் நாங்கள் அப்படித்தான் வைத்திருக்கிறோம் என்றேன். மனம் குளிர்ந்துபோய், ஒரு வருடம் பத்திரமாகப் பார்த்துக்கொண்டால் என் இடமாற்றத்தில் கையெழுத்துப் போடுவதாக வாக்குக் கொடுத்தார்.

பார்த்துக்கொண்டேன். பெற்ற பிள்ளைக்குக்கூட அப்படிச் செய்ய எனக்கு வாய்க்கவில்லை. தினம் தூசி தட்டினேன். காலை பத்து மணிக்கு ஏசியைப் போட்டு, மாலை ஐந்து மணிக்கு அணைத்தேன். அலுவலக நேரம் முடிந்ததும் ஏசியை அணைக்க வேண்டும் என்பது மின்சிக்கனச் சுற்றறிக்கை. அதில் கையெழுத்து இயக்குநருடையது. அணைத்த அரை மணியில் அந்த ஜன்னலில்லாத அறை ரொட்டி சுடும் அடுப்பாகிவிடும். ஒயினுக்கு விலக்கு உண்டா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கு ஒரு கோப்பு திறந்திருப்பார்கள்.

பதினோராவது மாதம் தணிக்கையாளர் வந்தார். தானாகச் சிரித்துப் பழக்கமில்லாத மனிதர். பதிவேட்டைப் புரட்டி, பாட்டில்களை ஒவ்வொன்றாகத் தூக்கி ஆண்டைப் பார்த்தார். முப்பத்தாறில் ஒன்பது பாட்டில்கள் பத்து வருடத்துக்கு மேற்பட்டவை.

"பத்து வருஷம் தாண்டின ஆவணத்தை ஏன் இன்னும் அழிக்கலை?" என்று கேட்டார்.

இயக்குநருக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. அந்த ஒன்பதும்தான் அவர் சேகரிப்பின் கிரீடம். ஆவணமில்லை என்று சொன்னால் அரசு ஏசியில் சொந்தச் சரக்கை வைத்த குற்றம். ஆவணம் என்றால் அழிக்க வேண்டும். 'நிரந்தரம்' என்று குறிக்கலாமா என்று கேட்டார். குறிக்கலாம், தலைமை அலுவலகத்துக்கு நகல் அனுப்ப வேண்டும், நகல் எடுக்க முடியாதென்றால் மூலத்தையே அனுப்பலாம் என்றார் தணிக்கையாளர். தலைமை அலுவலகத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்பது இயக்குநருக்குத் தெரியும். அனுப்பினால் காலி பாட்டில்கூடத் திரும்பி வராது.

விதிப்படி ஆவணத்தை அழிக்க வழிகள் மூன்று: கிழித்தல், எரித்தல், மீண்டும் பயன்படுத்த முடியாதபடி உருமாற்றுதல். ஒயினைக் கிழிக்க முடியாது. மூன்றாவது வழியே உசிதம் என்று முடிவாகி, உருமாற்றும் பணிக்கு ஒரு குழு அமைக்கப்பட்டது. இயக்குநர், தணிக்கையாளர், கணக்கு அதிகாரி, நான். சாட்சியாக ஒரு கீழ்நிலை ஊழியர் இருக்க வேண்டும் என்பதால் டைப்பிஸ்ட் அம்மாவையும் சேர்த்தார்கள். அவர் கணவர் எதிர்க் கட்டடத்தில் தபால் பிரிப்பவர். ஐந்து மணிக்கு இருவரும் சேர்ந்தே வீட்டுக்கு நடந்து போவார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பொறாமையாக இருக்கும்.

முதல் பாட்டிலைத் திறந்தார்கள். ஐந்து டம்ளரிலும் ஊற்றினார்கள். இயக்குநர் வாயில் வைத்தார். அவர் முகத்தில் ஒரு நரம்பு இழுத்தது.

"அடடா" என்றார்.

தணிக்கையாளர் குடித்தார். அவர் கண்ணில் நீர் வந்தது. இயக்குநரைப் பார்த்துவிட்டு, "ஆழமா இருக்கு" என்றார். கணக்கு அதிகாரி பழைய தோல் வாசனையைக் கண்டுபிடித்தார். நான் குடித்தேன். நாக்கு சுருண்டது. பதினொரு மாதமாக ஒவ்வொரு மாலையும் வெந்து, ஒயின் சுத்தமான வினிகர் ஆகியிருந்தது. என் விண்ணப்பம் இயக்குநரின் மேசையில் கையெழுத்துக்குத் தயாராக இருந்தது. "இந்த மாதிரி நான் குடிச்சதே இல்ல சார்" என்றேன். அதில் பொய் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

டைப்பிஸ்ட் அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"வினிகர் சார் இது. எங்க வீட்ல ஜன்னல் கண்ணாடி துடைக்க இதைத்தான் வெச்சிருக்கேன்."

இயக்குநர் அடுத்த பாட்டிலைத் திறந்தார். மீதி எட்டுப் பாட்டிலையும் நாங்கள் நால்வரும் மெச்சி மெச்சி உருமாற்றினோம். மறுநாள் எனக்கு வயிற்றுக் கோளாறு. டைப்பிஸ்ட் அம்மாவுக்கு இடமாற்றம். பட்டியலில் இருப்பதிலேயே தூரமான கிளைக்கு, நிர்வாக நலன் கருதி, உடனடியாக. அது என் மனைவி இருக்கும் ஊர்.

அந்த அம்மா அழுதுகொண்டே போனார். அவர் கணவர் இப்போது ஐந்து மணிக்குத் தனியாக நடக்கிறார். அங்கே வீடு கிடைக்கும்வரை என் மனைவி அந்த அம்மாவைத் தன்னோடு தங்கவைத்துக்கொண்டாள். நான் ஆறு வருடம் கேட்டும் கிடைக்காத இடத்தில் உட்கார்ந்து அவர் என் மகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்கிறார். என் விண்ணப்பமோ, பரிசீலனையில் இருந்தது.

மனைவி போனில் பேசினாள். நடந்ததெல்லாம் அந்த அம்மா சொல்லிவிட்டாராம்.

"உண்மை பேசினவங்க இங்க வந்துட்டாங்க. நீங்களும் போய்ச் சொல்லுங்களேன்."

அவள் கணக்கு டீச்சர். அதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்துவிட்டு, காலையில் இயக்குநர் அறைக்குள் நுழைந்து, உட்காராமலே சொன்னேன்.

"சார், அது ஒயின் இல்ல. புளிச்ச வினிகர். மீதி இருபத்தேழும் வினிகர்தான். தினம் அஞ்சு மணிக்கு ஏசிய நிறுத்தி அதைக் கெடுத்ததே நான்தான்."

அவர் எழுந்து நின்றார். நிம்மதியாகத் தண்டனைக்குக் காத்திருந்தேன். அவர் மேசைமேல் ஒரு பத்திரிகை விரித்திருந்தது. பெரிய மனிதர்கள் இப்போது ஒயினை விட்டுவிட்டார்களாம். சேகரிப்பதென்றால் பழுத்த வினிகர்தானாம்.

"எனக்கும் முதல் வாயிலயே தெரியும்யா. ஆனா தைரியமா வந்து சொன்னவர் நீங்கதான்."

"டைப்பிஸ்ட் அம்மா அன்னைக்கே சொன்னாங்களே சார்?"

"அவங்க ஜன்னல் துடைக்கன்னு சொன்னாங்க. ரசனை இல்லை. நீங்க உருவாக்கினவர்."

உத்தரவு அப்போதே பிறந்தது. வினிகரை அறியும் நாக்கும் அதை ஆக்கும் கையும் ஒருங்கே அமைந்த மேற்படி கண்காணிப்பாளரின் சேவை இவ்வலுவலகத்துக்கு இன்றியமையாதது. ஆகவே ஓய்வு பெறும் நாள்வரை அவரை இடமாற்றம் செய்யலாகாது. டைப்பிஸ்ட் இல்லாததால் அதை நானே டைப் செய்தேன்.

மனைவிக்குப் போன் செய்து படித்துக் காட்டினேன். கடைசி வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

"இந்தத் தடவை ஒயின்னே சொல்லியிருக்கலாமே" என்றாள்.