அடையாளம் தெரியாத கூட்டாளி

மனித குலம் கண்டறிந்தவற்றுள் பொய்யே சொல்லத் தெரியாதது டி.என்.ஏ. ஒன்றுதான். அதற்கு அடுத்த இடத்தில் எங்கள் தடய அறிவியல் ஆய்வகத்தின் இயக்குநர் இருக்கிறார். அவருடைய அறிக்கைகளைத் தட்டச்சு செய்யும் பாக்கியம் பதினாறு ஆண்டுகளாக எனக்குக் கிடைத்திருப்பதால், விஷயத்தை நானே விளக்கிவிடுகிறேன்.

நம் உடம்பின் செல்களுக்குள் நான்கே எழுத்துகளில் எழுதிய நீண்ட கடிதம் ஒன்று சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. பாதி அப்பா தந்தது, பாதி அம்மா தந்தது. அச்சில் வார்த்ததுபோல் பிறக்கும் இரட்டையரைத் தவிர, ஒருவர் கடிதம் இன்னொருவருக்கு இருக்காது. அதில் சுமார் இருபது இடங்களில் ஒரே சொல் எத்தனை தடவை திரும்பத் திரும்ப வருகிறது என்று எண்ணுவதுதான் எங்கள் வேலை. இயக்குநரின் ஆண்டுவிழா உரைகளைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது கஷ்டமே இல்லை.

ஒரு மருந்துக்கடையில் திருட்டு நடந்தது. கதவின் கைப்பிடியைக் கழற்றி எங்களுக்கு அனுப்பினார்கள். அதில் ஒட்டியிருந்த தோல் செல்கள், போலீஸ் சந்தேகப்பட்ட பூட்டு ரிப்பேர்க்காரருடையவை என்று நிரூபித்தோம். திருட்டுக்கு மூன்று நாள் முன்பு அந்தக் கைப்பிடியை மாட்டியதே அவர்தான் என்று கடைக்காரர் நேரில் வந்து சொன்னார். இயக்குநர் அசரவில்லை. கடைக்காரர் பொய் சொல்லலாம், கைப்பிடி சொல்லாது என்றார். அறிக்கை நீதிமன்றத்துக்குப் போயிற்று. பூட்டு ரிப்பேர்க்காரர் உள்ளே போனார்.

அதே கைப்பிடியில் இன்னொரு ஆணின் செல்களும் இருந்தன. அவனுக்கு ‘அடையாளம் தெரியாத கூட்டாளி’ என்று பெயர் சூட்டினோம். பிறகு ஒரு கத்தியில் அவன் இருந்தான். ஒரு காரின் ஸ்டீயரிங்கில் இருந்தான். எட்டு மாதத்தில் பதினான்கு வழக்குகளில் கைவரிசை காட்டிவிட்டான். இயக்குநர் பத்திரிகையாளர்களைக் கூட்டி அவனுடைய குணச்சித்திரத்தை வெளியிட்டார். படித்தவன், விளம்பரப் பிரியன், தன்னை யாரும் எதுவும் செய்ய முடியாது என்ற திமிர் பிடித்தவன். நான்தான் தட்டச்சு செய்தேன். மனுஷர் எப்படித்தான் இவ்வளவு துல்லியமாகக் கணிக்கிறாரோ என்று வியந்தேன்.

பூட்டு ரிப்பேர்க்காரரின் மனைவி திங்கட்கிழமைதோறும் வந்து என் மேஜை முன்னால் நின்றார். வீட்டுக்காரர் சிறையில் இருமி இருமிப் பாதியாகிவிட்டார், மகள் பள்ளிக்கூடத்தில் யாரோடும் பேசுவதில்லை என்றார். ‘அறிவியலுக்கு அவகாசம் தேவை’ என்ற வழவழப்பான துண்டுப்பிரசுரம் ஒன்றை ஒவ்வொரு முறையும் தவறாமல் கொடுத்தனுப்பினேன்.

இந்த நிலையில் எங்கள் ஆய்வாளர் அம்மாள், வயதில் சிறியவர், ஒரு வேண்டாத காரியம் செய்தார். யோசித்தார். கூட்டாளி சிக்கிய பதினான்கு பொருள்களும், பரிசோதனைக்கு முன்பே முக்கிய விருந்தினர்களுக்குக் காட்டப்பட்டவை என்று கண்டுபிடித்தார். அப்படிக் காட்டும்போது இயக்குநர் உறையைப் பிரித்து, பொருளை வெறுங்கையால் தூக்கிப் பிடிப்பது எங்கள் மரபு. கையுறை போட்டால் யார் கை என்று புகைப்படத்தில் தெரியாது என்பார்.

ஊழியர் அனைவரும் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவி மாதிரி தர வேண்டும் என்று அந்த அம்மாள் கேட்டார். கூட்டிப் பெருக்குபவர் வரை எல்லோரும் கொடுத்தோம். இயக்குநர் மட்டும் பதவியின் கண்ணியம் கருதி வாயைத் திறக்கவில்லை. கடைசியில் நீதிமன்றமே உத்தரவிட்டது. இருபது இடங்களிலும் கூட்டாளி பொருந்தினான்.

விசாரணைக் குழு கூடியது. மூன்று உறுப்பினர்களும் இயக்குநரோடு ஒரே வகுப்பில் படித்தவர்கள் என்பதால் நடுநிலைக்குக் குறைவில்லை.

“ஒரு பொருள்ல என் செல் இருந்தா, அது எப்படியோ அங்க போயிருக்குன்னுதான் அர்த்தம்,” என்றார் இயக்குநர். “எப்போ போச்சு, எதுக்குப் போச்சுன்னு டி.என்.ஏ. சொல்லாது. இந்த அடிப்படைகூடவா தெரியாது?”

குழு நெகிழ்ந்தது. அதை ‘அறிவியல் கோட்பாடு’ என்று பதிவு செய்து அவரை விடுவித்தது. யோசித்த அம்மாளைப் பழைய கோப்புகளின் கிடங்குக்கு மாற்றியது.

அடுத்த திங்கட்கிழமை பூட்டு ரிப்பேர்க்காரரின் மனைவி வந்தார். விஷயம் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. துண்டுப்பிரசுரத்தை வாங்கவில்லை.

“அதே கைப்பிடிதானேங்க? உங்க ஐயா தொட்டா சும்மா தொட்டது, எங்க வீட்டுக்காரர் தொட்டா திருட்டா?”

உள்ளே போய்க் கேட்டேன்.

இயக்குநர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “அவன் என்ன பதவியில இருக்கான்?” என்றார்.

அன்று இரண்டு கடிதங்கள் போயின. செல் இருப்பதாலேயே ஒருவர் குற்றவாளி ஆகிவிட மாட்டார் என்று மேலிடத்துக்கு ஒன்று. செல் இருப்பதே போதிய சான்று, பழைய அறிக்கையில் மாற்றமில்லை என்று நீதிமன்றத்துக்கு ஒன்று. இரண்டிலும் கையெழுத்து அவருடையது. ஒரு பிழையும் இல்லாமல் அடித்துக் கொடுத்தவன் நான்.

அந்தக் கைப்பிடியை நான் தொட்டதே இல்லை. எத்தனை தடவை சோதித்தாலும் என் செல் ஒன்றுகூட அதில் அகப்படாது.